திருந்தாதவளின் பயணங்கள்

1

நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து அமெரிக்க எல்லைக்குக் காரில் ஒரு மணி நேரம். கனடாவில், மானிட்டோபா மாகாணத்தில் கோதுமை விளையும் சமவெளி இது. கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரு மேடு கிடையாது. புதிதாக வந்தவர்களுக்குத் தானியக் கிடங்கைக் காட்டி, இதுதான் எங்கள் ஊரிலேயே உயரமான இடம் என்று சொல்வார்கள். ஜவ்வாது மலையில் நெல்லிவாசல் நாடு என்கிற மலையூர்களில் ஒன்றில் பிறந்து வளர்ந்த நான், மரியாதைக்காக ஒரு முறை அண்ணாந்து பார்த்துவைத்தேன்.

என் பெயர் வள்ளி. இவர்கள் வாயில் அது 'வேலி' ஆகிவிட்டது. இவர்கள் ஆங்கிலத்தில் அந்தச் சொல் பள்ளத்தாக்கு. எனக்கோ வேலி என்றால் வேலிதான். ஒரு வேலியைப் பிடுங்கிப் போட்டதற்காக ஜெயிலுக்குப் போனவளைத் தினமும் பத்துப் பேர் வேலி, வேலி என்று கூப்பிடுகிறார்கள். இதில் இருக்கிற வேடிக்கையை ரசிக்க இந்த ஊரில் என் கணவரைத் தவிர வேறு ஆள் இல்லை.

போன இலையுதிர் காலத்தில் என் மகள் மலரின் பள்ளி அணிக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் கைப்பந்துப் போட்டி இருந்தது. பெற்றோர்கள் ஆளுக்கு மூன்று நான்கு பிள்ளைகளைத் தங்கள் காரில் அழைத்துப் போவது இங்கே வழக்கம். என் காரில் மலரும் அவள் தோழிகள் இருவரும். வழி முழுக்கப் பாட்டும் சிரிப்புமாக வந்தார்கள்.

எல்லைச் சாவடியில் இருந்தவர் இளவயதுக்காரர். எங்கே போகிறீர்கள், எத்தனை நாள் என்று கேட்டார். நான் பிறந்த ஊரை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார். அப்புறம், எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லும்படி என் கணவர் எனக்குப் பல முறை சொல்லியிருக்கிறார். "நெல்லிவாசல் எங்க கீதுன்னே அவனுக்குத் தெரியாது. இவ எந்தக் கம்பிய புடுங்கினான்னு தேடிகினு போவப்போறானா?" என்பார். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல என் நாக்கு பழகவில்லை. ஆமாம் என்றேன். எனக்கு ஒரு ஃபாரஸ்ட் கேஸ் இருந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

நம்மூரில் கேஸ் என்றால் போலீசும் கோர்ட்டும். இங்கே கேஸ் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பீர் பாட்டில் பெட்டி. அவர் கீழே இறங்கிவந்து, எத்தனை பாட்டில் என்று கேட்டு, காரின் பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னார். உள்ளே இரண்டு பந்துகளும் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிகளும் இருந்தன. பாட்டில் இல்லை ஐயா, கோர்ட்டு, நான் ஜெயிலில் இருந்தவள் என்று விளங்கச் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொல்லியிருக்க வேண்டும். காருக்குள் பாட்டு நின்றுவிட்டது.

என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். தீர்ப்பின் நகலைக் காட்டினால் பரிசீலிக்கலாம், இன்றைக்கு அனுப்ப முடியாது என்றார்கள். அந்த நகல் வீட்டுப் பெட்டிக்குள் இருந்தது. கைப்பந்துப் போட்டிக்குப் போகிறவள் அதைக் கையோடு எடுத்துக்கொண்டா போவாள்? பின்னால் வந்த வேறொரு பெற்றோரின் காரில் பிள்ளைகளை ஏற்றிவிட்டேன். தோழிகள் இருவரும் கையசைத்தார்கள். மலர் என் பக்கம் திரும்பவில்லை.

அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு திரும்பினேன். எல்லைக்காரர் திருப்பி அனுப்பியது எனக்கு வலிக்கவில்லை. மகள் திரும்பிப் பார்க்காததுதான் வலித்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், அணி ஜெயித்ததா தோற்றதா என்றுகூடச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று கேட்டாள். எல்லாரையும் போல நீயும் ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்றாள். பள்ளிக்கூடத்தில் இனி தன்னைத் திருடியின் மகள் என்பார்கள் என்றாள்.

அவளுக்கு நான் எதுவுமே சொல்லாமல் வளர்த்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மறைக்க வேண்டும் என்று நினைத்ததில்லை. பனியில் காரைத் தள்ளுவதும், பள்ளிக்குச் சாப்பாடு கட்டுவதும், வேலைக்கு ஓடுவதுமாக இருந்ததில் சொல்ல நேரம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். அவளை உட்காரவைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் இருக்கிற உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

2

எழுபதுகளின் தொடக்கம். நான் அடிவாரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சியில் இருந்தேன். எங்கள் ஊரிலிருந்து பள்ளிப்படிப்பை முடித்துக் கீழே இறங்கிய முதல் பெண் நான்தான். இன்னும் சில மாதங்களில் பயிற்சி முடிந்துவிடும்.

எங்கள் ஊருக்கும் அடிவாரத்துக்கும் நடுவே ஒரே ஒரு நடைவழி. புளியும் சாமையும் சுமந்துகொண்டு சந்தைக்கு இறங்குகிறவர்களும், உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு ஏறுகிறவர்களும் நடந்து நடந்து உண்டான வழி. அது காப்புக்காட்டுக்குள் போகிறது. சந்தனக் கட்டை களவு போகிறது என்று சொல்லி, புதிதாக வந்த ரேஞ்சர் அந்த வழியை அடைத்தார். குறுக்கே ஆளுயரப் பள்ளம், அதற்குப் பின்னால் முள்கம்பி, கம்பிக்கு அந்தப் பக்கம் வெட்டிப்போட்ட முள்செடிக் குவியல். ஓரத்தில் ஒரு கதவு வைத்துப் பூட்டி, சாவியைக் கீழே ஆபீசில் வைத்துக்கொண்டார். சந்தனத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்களுக்கு அந்த ஒற்றையடிப் பாதை ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

நான் விடுப்பில் ஊருக்கு வந்திருந்த சமயம் என் அண்ணி பொன்னிக்கு வலி எடுத்தது. அது அவளுக்கு முதல் பிரசவம். போய்ப் பார்த்தேன். குழந்தையின் கை முதலில் வந்திருந்தது. வீட்டில் வைத்துப் பார்க்கிற பிரசவம் இல்லை இது, உடனே கீழே கொண்டுபோக வேண்டும் என்றேன். அண்ணன் வெள்ளையனும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மூங்கில் கழியில் கம்பளியைத் தொட்டில்போலக் கட்டி டோலி செய்தார்கள். அண்ணியை அதில் படுக்கவைத்துத் தோள்மாற்றித் தோள்மாற்றிச் சுமந்து, வெயில் ஏறுவதற்குள் அந்தக் கம்பி வேலிக்கு வந்துவிட்டோம்.

காவலுக்கு இருந்த ஃபாரஸ்ட் கார்டு கெட்ட மனிதர் இல்லை. டோலியைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டார்.

"சாவி கீழ கீதும்மா. நான் இன்னா பண்றது? ஒடச்சா என் வேல போய்டும். எனக்கும் வூட்ல நாலு பேரு கீறாங்க" என்றார்.

ஓடிப்போய்ச் சாவி வாங்கி வரட்டுமா என்றும் கேட்டார். அவர் போய் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். டோலியை வேலிக்கு மேலே தூக்கிக் கடத்திவிட முடியுமா என்று பார்த்தோம். பள்ளத்துக்குள் இறங்கிய இரண்டு பேர் முள்ளில் கிழிபட்டதுதான் மிச்சம். அன்று யார் கையிலும் கத்தி இல்லை. இருந்திருந்தாலும் அரசாங்கத்துக் கம்பியில் கைவைக்கத் துணிந்திருப்போமா, சொல்ல முடியாது. திரும்பி, பாதையே இல்லாத இன்னொரு சரிவில் சுற்றிக்கொண்டு இறங்கினோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

அண்ணி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. துணி சுற்றி அண்ணன் கையில் கொடுத்தவள் நான்.

அப்புறம் ரேஞ்சரிடம் மனுக் கொடுத்தோம். மேலே அனுப்புகிறேன் என்றார். மறுபடி போனோம். அனுப்பியாகிவிட்டது என்றார். கம்பிக்குப் பக்கத்தில் எந்த ஆம்பிளை நின்றாலும் சந்தனக் களவு என்று உள்ளே போடுவேன் என்று ஊருக்குச் சொல்லியும் அனுப்பினார். அதைக் கேட்டு ஆண்கள் அடங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. களவு என்று எழுதிவிட்டால் வருஷக்கணக்கில் வெளியே வர முடியாது.

அண்ணிக்கு உடம்பு இன்னும் தேறியிருக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஊர்ப் பெண்கள் பார்க்க வந்திருந்தபோது அவள்தான் சொன்னாள்.

"இன்னொருத்தி வயித்தோட போய் அந்தக் கம்பிகிட்ட நிக்கறதுக்குள்ள அத எடுத்துடணும். ஆம்பளைங்க கைய வெச்சாத்தான களவு? நாம எடுக்கலாம்."

மறுவாரம் பட்டப்பகலில் ஏழு பெண்கள் கடப்பாரையும் மண்வெட்டியும் கொடுவாளும் எடுத்துக்கொண்டு போனோம். அண்ணியும் வந்தாள். வர வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை. முள்ளை ஒதுக்கினோம், கம்பத்தைப் பிடுங்கினோம், பள்ளத்தை மண் தள்ளி மூடி மிதித்தோம். ஒரு செடியையும் வெட்டவில்லை. கம்பியை நன்றாகச் சுருட்டி, கார்டின் குடிசைக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்துவிட்டு அவரையே கூப்பிட்டோம்.

"அரசாங்கத்துப் பொருளு. சரியா கீதான்னு எண்ணிக்கோங்க. நாளைக்குத் திருடினாங்கன்னு சொல்லக் கூடாது" என்றாள் அண்ணி.

அவர் எண்ணினார். கம்பமும் கம்பியும் ஒன்றும் குறையவில்லை. எண்ணி முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "தண்ணி துன்னுட்டு... தண்ணி குடிச்சிட்டுப் போங்கம்மா" என்று தடுமாறிச் சொல்லிக் குடத்தைக் காட்டினார். இந்த இடத்தில் மலர் முதல் முறையாகச் சிரித்தாள். சிரித்ததை உடனே மறைத்துக்கொண்டாள்.

3

சில நாளில் போலீஸ் வந்தது. தலைவி யார் என்று கேட்டார்கள். ஏழு பேரும் நான்தான் என்றோம். அப்படியென்றால் ஏழு பேரும் ஏறுங்கள் என்றார்கள்.

மிஷன் சாமியார் ஒரு வக்கீலைப் பிடித்துத் தந்திருந்தார். வக்கீல் நல்லெண்ணம் உள்ளவர். படிக்காத பெண்கள், யாரோ தூண்டிவிட்டார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்றார். என்னைத் தனியே கூப்பிட்டு, நான் விடுப்பில் வந்தவள், ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன் என்று சொன்னால் என்மேல் வழக்கே நிற்காது என்றும் சொன்னார். ஆஸ்பத்திரி மேட்ரனும் அதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார். தண்டனை பெற்றவளுக்குப் பயிற்சியில் இடம் கிடையாது என்பது விதி. நான் படித்த படிப்பு, வாங்கப்போகிற வேலை, எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

அன்றைக்கு நான் பயப்படவில்லை என்று எழுதினால் அது பொய். திருப்பத்தூர் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்து, அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஓரமாக நின்றேன், வேடிக்கை பார்த்தேன். சொல்லச் சொல்ல, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மாஜிஸ்திரேட் ஒவ்வொருவராகக் கேட்டார். அண்ணி முதலில் நின்றாள்.

"கம்பிய எடுத்தது நாங்கதாங்க. வழிய அடச்சது யாருன்னு அவங்களயும் கூப்ட்டு கேளுங்க."

என் முறை வந்தது. வக்கீல் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார்.

"நானும் எடுத்தேனுங்க. மறுபடி அடச்சா மறுபடி எடுப்பேனுங்க" என்றேன்.

வக்கீல் கையிலிருந்த காகிதக் கட்டைக் கீழே வைத்துவிட்டார். மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அபராதம், கட்டத் தவறினால் மூன்று மாதம் என்று தீர்ப்பு. ஊர் சேர்ந்து அபராதத்தைக் கட்டத் தயாராகத்தான் இருந்தது. கட்டினால் தப்பு என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டாள். நாங்கள் வேலூருக்குப் போனோம்.

ஜெயிலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மலைக் காற்றுக்குப் பழகிய எங்களை வேலூர் வெயில்தான் வாட்டியது. உள்ளே புதிதாக வருகிறவர்களிடம் இன்னா கேஸ் என்று கேட்பார்கள். சாராயம், அடிதடி, திருட்டு என்று பதில் வரும். நாங்கள் வழி கேஸ் என்றோம். வழிப்பறியா என்று கேட்டார்கள். இல்லை, வழியைத் திறந்த கேஸ் என்று விளக்கிய பிறகு எங்களுக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. மாசமாக இருந்த ஒரு கைதியை நான் அவ்வப்போது பார்த்துக்கொண்டேன். அவள் தனக்குக் கிடைத்த வெல்லத்தை மடித்துவைத்து எனக்குத் தருவாள்.

வெளியே வந்த அன்று அண்ணனும் ஊர்க்காரர்களும் அடிவாரத்தில் காத்திருந்தார்கள். அந்த வழியாகவே மேலே நடந்தோம். யாரும் திரும்ப அடைக்கவில்லை. நாங்கள் சுருட்டிவைத்த கம்பி அடுக்கிய இடத்திலேயே கிடந்தது. அதன்மேல் ஏதோ ஒரு கொடி படர்ந்து பூத்திருந்தது. பிறகு மேலதிகாரி ஒருவர் வந்து விசாரித்தார். அது தலைமுறையாக நடந்துவரும் வழி, அடைத்தது சரியில்லை என்று முடிவானது. ரேஞ்சர் மாற்றலாகிப் போனார். அண்ணி அடுத்த பிரசவத்துக்கு அந்த வழியாகத்தான் இறங்கினாள். பையன். இப்போது மீசை முளைத்துவிட்டதாம்.

என்னை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு குழு உட்கார்ந்து பேசியது. மேட்ரன் எனக்காக வாதாடினார் என்று பின்னால் தெரிந்தது. ஒரு வருஷத்தைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். படித்தேன். அங்கேயே ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலைபார்த்த சவரிமுத்து என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். அவர் அடிவாரத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நான் மலைக்காரி, வேறு சாமி கும்பிடுகிறவள் என்பதைக்கூட அவர் வீட்டில் பொறுத்துக்கொண்டார்கள், ஜெயிலுக்குப் போனவள் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. எதற்குப் போனாள் என்று கேட்டீர்களா என்று அவர் கேட்டாராம். அதற்குமேல் அந்த வீட்டில் அந்தப் பேச்சு வளரவில்லை.

4

இங்கே நான் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். நம்மூர் நர்ஸ் படிப்பை இவர்கள் முழுதாக ஒத்துக்கொள்ளாததால் முதலில் உதவியாளராகச் சேர்ந்து, பரீட்சைகள் எழுதி, இப்போது நர்ஸாகவே இருக்கிறேன். காலையில் எழுந்ததும் ஜன்னலைப் பார்ப்பேன். வெளியே வெள்ளையாக இருந்தால் பனியை அள்ள மண்வாரி, இல்லாவிட்டால் நேராகக் கார்ச் சாவி. இவ்வளவுதான் இங்கே பருவ காலங்கள்.

வேலைக்குச் சேரும்போதும் அதே கேள்விதான். குற்றத் தண்டனை பெற்றதுண்டா? ஆமாம் என்று குறியிட்டு, கீழே இருந்த சிறிய இடத்தில் எழுதத் தொடங்கினேன். இடம் போதாமல் காகிதத்தின் பின்பக்கம் முழுக்க எழுதினேன். இல்லத்தின் தலைமை அம்மாள் விவசாயக் குடும்பத்துப் பெண். படித்துவிட்டு, தன் தாத்தாவும் ஒரு காலத்தில் ரயில் கம்பெனி போட்ட வேலியைப் பிடுங்கியவர்தான் என்றார். ஆனால் அவர் பிடிபடவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

5

இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்ததுதான் பெரிய கதை.

என் கணவருக்கு இங்கே ஆஸ்பத்திரி வேலை கிடைத்து முன்னால் வந்துவிட்டார். மலர் கைக்குழந்தை. நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டேன். விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் மலையேறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்தவருக்கு அண்ணன் கூழ் கொடுத்தார். இந்தப் பெண்மீது வழக்கு ஏதாவது உண்டா என்று கேட்டாரோ இல்லையோ, ஊரே கூடிவிட்டது. ஆளுக்கு ஒரு பக்கமாக என் குற்றத்தை விவரிக்க ஆரம்பித்தார்கள். கடப்பாரை பிடித்த விதத்தை ஒருத்தி நடித்தே காட்டினாள். அவர் திகைத்துப்போனார்.

"இன்னாங்க, எல்லாரும் இப்டி சந்தோஷமா சொல்றீங்க? இத நான் எழுதினா பாஸ்போர்ட்டு வராதுங்க. ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டுப் போய்ட்டா யாருக்கும் கஷ்டம் இல்ல."

"எழுதுங்க சார்" என்றார் அண்ணன். "இப்போ நீங்க எந்த வழியா ஏறி வந்தீங்களோ, அதயும் சேத்து எழுதுங்க."

அவர் எழுதினார். பாஸ்போர்ட் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. அடுத்தது கனடா விசா. தண்டனை பெற்றவர்கள் சில வருஷம் கழிந்த பிறகுதான் கேட்க முடியும், அதற்குள் திருந்திவிட்டதாக அதிகாரி நம்ப வேண்டும் என்றார்கள். அந்த வருஷங்கள் கழியக் காத்திருந்தேன். பிறகு மதராசில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மலரை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். நன்றாக நடக்கிற பிள்ளை, அன்று ஏனோ இறங்க மறுத்துவிட்டாள்.

அதிகாரி வயதான வெள்ளைக்காரர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழர் இருந்தார், இஸ்திரி போட்ட சட்டையும் கனிவான முகமுமாக. தீர்ப்பைப் படித்துவிட்டு அதிகாரி கேட்டதை அவர் எனக்குச் சொன்னார். நீங்கள் செய்தது தவறு என்று இப்போது உணர்கிறீர்களா?

"தப்புன்னு நான் நெனைக்கலீங்க" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, அந்தப் பெண் மிகவும் வருந்துகிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

எனக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார். பேசாமல் இருந்திருந்தால் அந்த அறையில் எல்லாருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். கடல் தாண்டிக் காத்திருந்த மனிதருக்கும், அப்பா முகமே தெரியாத இந்தக் குழந்தைக்கும். ஆனால் நர்ஸ் பயிற்சியில் கற்ற ஆங்கிலம் என்னிடம் இருந்தது. வருத்தம் என்ற சொல்லை நான் சொல்லவில்லை ஐயா என்று அதிகாரியிடம் நேராகச் சொல்லிவிட்டேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டார். நீயே சொல் என்றார். சொன்னேன். டோலிக்கு ஆங்கிலச் சொல் தெரியவில்லை. மேஜைமேல் இருந்த அவருடைய பேனாவில் என் கைக்குட்டையைத் தொங்கவிட்டுக் காட்டினேன். கை வெளியே வந்த பிரசவத்துக்கு மட்டும் சரியான மருத்துவச் சொல் வாயில் வந்தது. அதைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். நீ மறுபடியும் இதைச் செய்வாயா என்று கேட்டு எழுத வேண்டியது என் கடமை என்றார்.

அப்படி ஒரு வேலியை மறுபடி யாராவது போட்டால் செய்வேன் ஐயா என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து நீளமாக என்னவோ எழுதினார். போகலாம் என்றார்.

வெளியே வந்ததும் மொழிபெயர்ப்பாளர் என்னைத் திட்டினார். "ஏம்மா, கெஞ்ச வேணாம், சும்மா இருந்திருக்கலாமே? புள்ளைக்காவது யோசிக்க வேணாமா?" அவருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் சொன்னது காதிலேயே இருந்தது. என் வாயாலேயே என் குடும்பத்தைப் பிரித்துவிட்டேனோ என்று வழி முழுக்கப் பயந்தேன். கிட்டத்தட்ட ஒரு வருஷம் பதில் இல்லை. நான் கடிதம் எழுதும்போதெல்லாம் என் கணவர், நீ சரியாகத்தான் சொன்னாய் என்றே பதில் எழுதுவார். அந்த ஒரு வரிக்காகவே அவரை எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம்.

ஒரு நாள் அனுமதி வந்தது. அந்த அதிகாரி என்ன எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திருந்தாமலே கனடாவுக்கு வந்து சேர்ந்தவள் நான்.

6

இதையெல்லாம் கேட்டு முடித்த மலர் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். ஒரு வாரம் போயிற்று. பிறகு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டாள். பெயர் வைக்கவில்லை என்றேன். தட்டை நகர்த்திவைத்துவிட்டாள்.

தீர்ப்பின் நகலை எல்லையில் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டேன். அது இப்போது பிரச்சினை இல்லை. இந்த வருஷம் பள்ளி விடுமுறையில் மூவரும் ஊருக்குப் புறப்பட்டோம். என் கணவர் தன் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவதாகச் சொன்னதால், மலரும் நானும் மட்டும் மலைக்கு ஷேர் ஜீப் ஏறினோம். பின்பக்கம் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு பேர். முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு காண்டிராக்டர். மலருக்கு வெயில் தாங்கவில்லை. பிறந்ததிலிருந்து அங்கே இருந்தது சில வருஷம்தான், அதுவும் அவளுக்கு நினைவில்லை.

டிரைவர் சின்ன வயசுக்காரன். ஊர்ப் பெயரைச் சொன்னதும் கேட்டான்.

"பொம்பளவெட்டு வழியாதான் போறோம். அங்கயே எறங்கிக்கிறீங்களா?"

அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. நான் இறங்கிப்போன பிறகு வந்த பெயர் போலும். எந்த இடம் அது என்று கேட்டேன். ரோட்டைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தான். முன்பு அங்கே வேலி இருந்ததாம். அம்பது அறுபது பொம்பளைங்க வந்து ஒரே நாளில் வெட்டிப் போட்டார்களாம். ரேஞ்சர் பயந்து மரத்தின்மேல் ஏறிக்கொண்டாராம். பஞ்ச காலத்தில் சர்க்கார் வேலை கொடுத்து அகலப்படுத்தியதால்தான் இப்போது ஜீப் போகிறதாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பெரிய கதையைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

மலர்தான் பேசினாள். இத்தனை வருஷத்தில் வெளியாள் ஒருவரிடம் அவள் தமிழில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அறுபது இல்ல. ஏழு."

டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "உனக்கு எப்டி பாப்பா தெரியும்?"

"எங்க அம்மா வெட்டினா" என்றாள். மரியாதை விகுதி அவளுக்கு எப்போதுமே வராது. "இவ. ஜெயில் போனா. மூணு மாசம்."

ஜெயில் என்ற சொல்லை அவள் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். மூட்டைகளுக்கு நடுவே இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வயதான ஒரு பெண், நீ வெள்ளையன் தங்கச்சியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

டிரைவர் ஜீப்பை ஓரமாக நிறுத்தினான். இறங்கிவந்து, காண்டிராக்டரிடம் பின்னால் போய் உட்காரும்படி சொன்னான். அவர் முறைத்துப் பார்த்தார். இவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் அவர் இறங்கினார்.

"நீங்க முன்னால வந்து குந்துங்கம்மா" என்றான்.

நான் போய் முன்சீட்டில் உட்கார்ந்தேன். மலரும் இடித்துக்கொண்டு என் பக்கத்தில் ஏறினாள்.